ராசியான தொட்டில்

1

நம் ஊரில் தொட்டில் பக்கவாட்டில் ஆடும். இங்கே மேலும் கீழுமாக ஆடும். பரமக்குடியிலிருந்து கல்யாணமாகி ஜொகூருக்கு வந்த புதிதில் என்னை முதலில் பயமுறுத்தியது இதுதான்.

மூவாரில் என் கணவரின் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். கூடத்தின் நடுவில் ஓர் இரும்புச் சட்டம் நின்றது. அதன் உச்சியில் ஒரு கம்பிச்சுருள், சுருளின் கொக்கியில் கைலித் துணி, துணிக்குள் பிள்ளை. அந்த வீட்டுப் பெண் குழம்புச் சட்டியோடு போகிறபோக்கில் துணியை ஓர் இழு இழுத்துவிட்டுப் போனாள். பிள்ளை பந்து மாதிரி மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இப்படி ஆட்டினால்தான் இங்கே பிள்ளைகள் தூங்கும் என்றாள். அதுவும் தூங்கத்தான் செய்தது.

இங்கே எல்லாம் ஒட்டு ஒட்டாகக் கட்டிய வரிசை வீடுகள். மேலே அட்டைக் கூரை மறைப்பு. சேலையைக் கட்டித் தொங்கவிட உத்தரம் கிடையாது. அதனால் சட்டமும் சுருளும். என் மகள் நித்யா பிறந்தபோது நானும் அதே சுருளுக்குத்தான் அவளைக் கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, ஒரு கையைத் தொட்டிலுக்கு அடியில் நீட்டியே வைத்திருப்பேன். அறுந்து விழுந்தால் கை தாங்கிவிடும் என்று நினைப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் கேலி செய்வார். செய்துவிட்டு, நான் தூங்கிப்போனால் அவர் கையை நீட்டி வைப்பார்.

ஒவ்வொரு வருடமும் நான் விமானமேறி வந்த மாதம் திரும்பி வரும்போது என் பயங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வழக்கம். பழைய உடுப்புகளை வெயிலில் போடுகிற மாதிரி. எது கிழிந்துவிட்டது, எது இன்னும் உடம்புக்குப் பொருந்துகிறது என்று தெரியும். விசா அலுவலகக் கண்ணாடிச் சன்னலைப் பற்றிய பயம் போய்விட்டது. கடையில் மலாய் பேசும் பயம் பாதி போய்விட்டது. மகள் தமிழை மறந்துவிடுவாள் என்ற பயம் வேறு உருவத்தில் இருக்கிறது. இந்த வருடம் எடுத்துப் பார்த்தபோது எல்லாப் பயமும் ஒரே பயமாகிவிட்டிருந்தது. அது இரண்டு கால் சட்டத்தில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2

நித்யா பொருள் வடிவமைப்பு படித்தாள். இப்படியும் ஒரு படிப்பா என்று நம் ஊரில் என் தம்பி கேட்டான். நாற்காலி எப்படி இருக்க வேண்டும், கரண்டி எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கிற படிப்பு என்று சொன்னேன். அதை ஆசாரி யோசிக்க மாட்டானா என்றான்.

படித்து முடித்த இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் விடியலில் பேருந்தேறி எல்லை கடந்து சிங்கப்பூருக்குப் போகிறார்கள். அவளும் போய்விடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. நாங்கள் இருக்கும் மூவாரிலேயே ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரிய நிம்மதி. ஆனால் பக்கத்திலேயே இருந்துகொண்டு தூரமாகப் போகவும் பிள்ளைகளால் முடியும். வீட்டுக் குப்பையை நான் சரியாகப் பிரித்தேனா என்று கிளறிப் பார்ப்பாள். பிளாஸ்டிக் பையில் கீரை வாங்கி வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் வேலை என்பாள். சடங்கு, நல்ல நேரம், கண்ணேறு எல்லாம் அவளுக்கு 'அம்மா சமாச்சாரம்'. அவள் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்த உலகத்தில் நான் எந்த மூலையில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் ஒரு தொட்டில் சட்டத்தை வரைந்து கொண்டுவந்து காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரும்பு இல்லை. பால் வற்றி வெட்டிய ரப்பர் மரம். அதிலும் நாற்காலி, மேசை செய்தது போக மிஞ்சும் துண்டுகள். அவற்றைப் பல்லோடு பல் கோத்தாற்போல் சேர்த்து, பசையால் ஒட்டி, நீளக் கட்டையாக்கி, அந்தக் கட்டைகளால் சட்டம். என் மாமனாரும் மாமியாரும் பாலோ பக்கத் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டியவர்கள், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். அவர்கள் காலமெல்லாம் கீறிய மரத்தின் சந்ததியில் பேத்தி தொட்டில் செய்கிறாள் என்று என் கணவர் கம்பத்தில், அதாவது தன் கிராமத்தில், எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பசைதான் அவளுடைய பெரிய பெருமை. தொழிற்சாலையில் அதுவரை ஊற்றிக்கொண்டிருந்த பசை கண்ணை எரிக்கும், நெஞ்சை அடைக்கும். பசைப் பிரிவில் வேலை செய்கிற பெண் ஒருத்தி எங்கள் தெருக்காரி. லீவு நாளில்கூட அவள் இருமல் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். நித்யா சோயாவிலிருந்து செய்த ஒரு பசையைத் தேடிப் பிடித்தாள். வாடையே கிடையாது. பிள்ளை சட்டத்தைச் சப்பினாலும் ஒன்றும் ஆகாது. "செய்றவங்களுக்கும் கெடுதல் இருக்கக்கூடாது, வாங்குறவங்களுக்கும் கெடுதல் இருக்கக்கூடாது, மண்ணுக்கும் கெடுதல் இருக்கக்கூடாது மா" என்று விரல் மடக்கினாள். அந்தப் பசைக்கு ஆயுசு குறைவு. அதனாலென்ன, பிள்ளை இரண்டு வயதில் தொட்டிலைவிட்டு இறங்கிவிடும். இரண்டு வருடம் முடிந்ததும் சட்டத்தைத் தொழிற்சாலையில் திருப்பிக் கொடுத்தால், அதைத் தூளாக்கிச் செடித்தொட்டி செய்வார்கள். கொடுத்தவர்களுக்குக் குட்டி நாற்காலி ஒன்று இலவசம். இதையெல்லாம் சட்டத்தின் காலில் சின்ன வில்லையில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தது.

தெருக்காரியின் இருமல் நின்றது. நித்யாவுக்குப் பரிசும் கிடைத்தது. பத்திரிகையில் அவள் படம் வந்தபோது நான் அதை வெட்டி சாமி அலமாரியில் வைத்தேன். பாலோவில் இருக்கும் என் நாத்தனார் மகள் கவிதாவுக்குப் பிள்ளை பிறந்தபோது, முதல் தொட்டிலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கோயிலில் பார்க்கிற பெண்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாங்க வைத்தேன். தொழிற்சாலைக்கு விற்பனையாள் தனியாக வேண்டியதில்லை என்று நித்யா சிரித்தாள்.

3

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம். சனிக்கிழமை, அவளுக்கு அரைநாள். ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை மாதிரிதான் கேட்டாள்.

"மா, சட்டம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வருது லா. சீனவங்க குடுக்கறாங்க, மலாய்க்காரங்க குடுக்கறாங்க. நம்ம ஆளுங்க வீட்ல இருந்து மட்டும் ஒண்ணுகூட வரல. ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இது தெரியாதா இவளுக்கு என்று. அம்மா சமாச்சாரம் அல்லவா, எப்படித் தெரியும். அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னேன். தொட்டிலை யாராவது உடைக்கக் கொடுப்பார்களா? பிள்ளை உயிரோடு நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போது அது கிடந்த தொட்டிலை உடைத்தால் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் வட்டாரத்தில் பிள்ளை பிறப்பதற்கு முன்னால் புதுத் தொட்டில் வாங்கவும் மாட்டார்கள். ஒரு பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளர்ந்த தொட்டில் ராசியான தொட்டில். அது அடுத்த வீட்டுக்குப் போகும். பிரசவத்துக்கு நாள் நெருங்கியவள் வீட்டிலிருந்து வந்து கேட்டால் மறுக்கவே கூடாது. உள்ளே பிள்ளை கிடந்தால்கூடத் துணியை அவிழ்த்துக்கொண்டு சட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் நம் பிள்ளையின் ராசி அங்கேயே நின்றுவிடும். கொடுக்கும்போது சட்டத்தின் தலையில் மஞ்சள் தண்ணீரில் முக்கிய துணி ஒன்றை இறுக்கிக் கட்டிக் கொடுப்பார்கள். பழைய துணியை அவிழ்க்க மாட்டார்கள். மேலே மேலே கட்டுவார்கள். கவிதா வீட்டுத் தொட்டில் இப்போது எங்கே இருக்கிறதோ, நாலைந்து வீடு போயிருக்கும் என்றேன் பெருமையாக.

அவள் கை தட்டில் நின்றுவிட்டது.

"ஈரத் துணியா மா?"

"ஆமா. மஞ்சத் தண்ணியில முக்குனது."

"எங்க கட்டுவாங்க?"

தலையில், குறுக்குக் கட்டையும் நிற்கிற கட்டையும் சேருகிற இடத்தில், அங்கேதான் துணி வழுக்காமல் நிற்கும் என்று கையால் காட்டினேன். அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். சோறு பாதி அப்படியே இருந்தது. திரும்பி வந்து நின்றபடியே சொன்னாள். அந்தப் பசைக்குக் காய்ந்த இடத்தில்தான் இரண்டு வருடம். ஈரம் பட்டால் அது ஊறும், காயும், ஊறும். பாரமெல்லாம் அந்தச் சேருகிற இடத்தில்தான் விழும். சுருள் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அந்த மூட்டுத்தான் இழுபடும்.

நாங்கள் ஆசையாகக் கட்டிய ஒவ்வொரு துணியும் அந்த மூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. எந்தத் தொட்டில் அதிக ராசியோ அது அதிக ஆபத்து. மீதிச் சோற்றை நானும் தின்னவில்லை.

4

அடுத்த வாரம் அவள் முதலாளியிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டாராம். பரிசோதனையில் தேறிய சாமான், எத்தனை மாதம் என்று வில்லையும் ஒட்டியிருக்கிறது, அதற்கு மேல் வைத்துக்கொண்டால் நாம் என்ன செய்வது என்றாராம். முகநூலில் ஓர் அறிவிப்புப் போடச் சம்மதித்தார். பச்சை இலைப் படத்தோடு அறிவிப்பு வந்தது. திருப்பிக் கொடுங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று. விழும் என்ற வார்த்தை அதில் இல்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார்கள் என்று என் கணவர் முனகினார். நித்யா அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். கிள்ளியது யார் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரிந்தது.

பழைய பசைக்கே திரும்பினால் என்ன என்று நான்தான் ஒருமுறை கேட்டேன். அது ஈரத்தைத் தாங்கும் அல்லவா. அவள் கத்தவில்லை. "அப்ப அந்த அக்கா மறுபடி இருமணுமா மா?" என்றாள்.

வாங்கிய சாமான்மேல் புகார் கொடுக்கிற அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு நானும் அவளும் போனோம். நாற்காலியில் எண் எழுதிய தாளோடு காத்திருந்தோம். உள்ளே இருந்த அதிகாரி என் வயதுப் பெண், தலையில் பூப்போட்ட துணி, நல்ல மனுஷி. நான் படபடப்பில் என்றாவது விழும் என்பதற்குப் பதில் நாளைக்கு விழும் என்று மலாயில் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நித்யா திருத்தினாள். அவர் மறுபடி சாய்ந்துகொண்டு, கணினியைப் பார்த்து, "பெலும் ஜாத்து லாகி?" என்று கேட்டார். இன்னும் விழவில்லையா என்று அர்த்தம். இன்னும் விழவில்லை என்றோம். சம்பவம் நடந்த தேதி போடாமல் அடுத்த கட்டத்துக்குக் கணினி போகாதாம். செய்தவளே தன் சாமான்மேல் புகார் கொடுக்கவும் அதில் வழி இல்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். வெளியே வந்தபோது அவர் பின்னாலேயே வந்து, தன் மருமகளும் பிள்ளைத்தாய்ச்சி, எந்த நிறச் சட்டம் என்று மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அன்றிலிருந்து எனக்குக் காது பெரிதாகிவிட்டது. பக்கத்து வீட்டில் எதுவாவது தடால் என்று விழுந்தால் வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்ப்பேன். கடைத்தெருவில் பிள்ளை வீறிட்டு அழுதால் நின்றுவிடுவேன். நித்யா தூங்குவதில்லை. உலகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று திரிந்தவள் சோபாவில் என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள். எத்தனை வருடமாக நான் ஏங்கிய நெருக்கம். இப்படி ஒரு விலைக்கு வந்திருக்க வேண்டாம்.

5

கவிதாவுக்குப் போன் செய்து கேட்டேன். அவள் தொட்டில் யோங் பெங் போய், குளுவாங் போய், சுற்றிவிட்டு மறுபடி பாலோவுக்கே வந்திருந்தது. பரமேஸ்வரி என்று ஒருத்தி, அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. ராசியான தொட்டில் வேண்டும் என்று அவள் மாமியார் விசாரித்து விசாரித்து வாங்கியதாம். இன்று முப்பதாம் நாள், மத்தியானம் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறார்கள் என்றாள் கவிதா.

நான் விஷயத்தைச் சொன்னேன். "நான் போய் சொல்ல மாட்டேன் அத்தை. அந்த வீட்ல இன்னிக்கு அந்த வார்த்தைய என் வாயால சொல்ல முடியாது" என்றாள். பரமேஸ்வரியின் நம்பரை மட்டும் கொடுத்தாள். விசேஷ வீடு, யாரும் எடுக்கவில்லை.

என் கணவர் வேனை எடுத்தார், நானும் நித்யாவும் ஏறினோம். வழியெல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டம். வேகமாகப் போங்கள் என்று சொல்லவும் பயம், மெதுவாகப் போங்கள் என்று சொல்லவும் பயம். நான் மனதுக்குள் வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே போனேன். தொட்டில் விழும் என்று ஒரு சடங்கு வீட்டில் எப்படிச் சொல்வது? நாக்கில் சனி என்பார்கள். சொல்லிவிட்டு வந்த பிறகு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட என் நாக்குத்தான் காரணமாகும்.

வாசலில் வாழை மரம் கட்டியிருந்தது. உள்ளே நிறையப் பெண்கள். கூடத்தின் நடுவில் அது நின்றது. என் மகள் வரைந்த தொட்டில். தலையில் துணிமேல் துணியாகத் திரண்டு, பிள்ளையின் தலையளவுக்கு மஞ்சள் முடிச்சு. மேலே இருந்த துணியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே தரை மஞ்சளாக நனைந்திருந்தது.

பத்திரிகைப் படத்தில் பார்த்த நித்யாவை அடையாளம் தெரிந்துகொண்டு எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். தொட்டில் செய்த பெண்ணே வந்துவிட்டாள், இதைவிட என்ன ராசி வேண்டும் என்று பரமேஸ்வரியின் மாமியார் ராஜம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நித்யா அந்த மஞ்சள் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பரமேஸ்வரியிடம் போய்ப் பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கொடுத்தாள். சுவரோரம் பாயில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டேன். இளஞ்சூடு, பால் வாடை, மூடிய விரல்கள். பிள்ளை என் மடியில் இருக்கிறவரை தொட்டிலில் இருக்காது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் திட்டம் எதுவும் கிடையாது.

விளக்கேற்றினார்கள். சர்க்கரைத் தண்ணீர் தயாரானது. பிள்ளையைக் கொடுங்கள் என்றார் ராஜம்மாள். இதோ என்றேன். கொடுக்கவில்லை. பெயர் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன், யார் ஜாடை என்று கேட்டேன், எடை எவ்வளவு என்று கேட்டேன். நல்ல நேரம் போகிறது என்றார் ராஜம்மாள் இரண்டாம் முறை, கையை நீட்டியபடி. நான் பிள்ளையை இன்னும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த அமைதியில் நித்யா தொட்டிலிடம் போய்த் துணிகளை அவிழ்க்க ஆரம்பித்தாள். என்ன செய்கிறாய் என்று யாரோ கேட்டார்கள். அவள் கை நிற்கவில்லை. இறுகிய முடிச்சுகளைப் பல்லால்கூடக் கடித்து அவிழ்த்தாள். உள்ளே போகப் போகத் துணி கறுத்து, பூசணம் பிடித்து இருந்தது. கடைசித் துணி கவிதா கட்டியது. அது வந்ததும் மூட்டு தெரிந்தது. நித்யா விரல் நகத்தை அதில் வைத்தாள். நகம் உள்ளே போனது. சட்டத்தின் தலையை ஒரு கையால் பிடித்து லேசாக இழுத்தாள். குறுக்குக் கட்டை தனியாக அவள் கையோடு வந்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. ஊறிய ரொட்டியைப் பிய்ப்பதுபோலப் பிய்ந்தது.

ராஜம்மாள் நெஞ்சில் கை வைத்தபடி கீழே உட்கார்ந்துவிட்டார். பரமேஸ்வரி வந்து என் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் நித்யாவின் முன்னால் போய் நின்றாள். நித்யா நடந்ததையெல்லாம் சொன்னாள். பசை, இரண்டு வருடம், திருப்பிக் கொடுப்பது, வில்லை. மண்ணுக்குக் கெடுதல் இல்லாமல் செய்ய நினைத்தேன் என்றாள். பரமேஸ்வரி கடைசிவரை கேட்டாள்.

"ஒரு பிள்ளைக்கு மட்டும்னு யாராவது தொட்டில் செய்வாங்களா? எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

நித்யா அழுதாள். மன்னிச்சிடுங்க அக்கா என்றாள். எதிர்பார்த்தது போலவே இரண்டு மூன்று பெண்கள் எங்களைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஒருத்தி பிள்ளைக்குக் கண்ணேறு சுற்ற உப்பு எடுத்து வந்தாள். கிளம்பிவிடலாம் என்று நான் எழுந்தேன். பரமேஸ்வரிதான் வாசல்வரை வந்தாள். மீதித் தொட்டில்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். தேடிப் போய் விழும் என்று சொல்லி வாங்குவோம் என்றேன்.

"அப்படிக் கேட்டா தர மாட்டாங்க க்கா. அந்த வார்த்தைய கேட்டதும் கதவ சாத்திருவாங்க. எங்க அத்தைகூட சாத்திருப்பாங்க. மறுக்கக்கூடாத மாதிரி கேளுங்க" என்றாள்.

அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. புரியாத மாதிரி வேனில் ஏறினேன். என் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

6

மூன்று நாள் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நாலாம் நாள் காலையில் நித்யாவே சொன்னாள். "என் பேரச் சொல்லியே கேளுங்க மா. நாள் நெருங்கிடுச்சுனு சொல்லுங்க."

நான் முடியாது என்றேன். இருபத்தேழு வருடம் இந்த ஊரில் நான் எதற்குப் பயந்தேன் என்று அவளுக்குத் தெரியுமா? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான். பாஷை தெரியாத ஊரில் நல்ல பெயர் ஒன்றுதான் என்னிடம் இருந்த நகை. அதைக் கழற்றிக் கொடு என்கிறாள். வேறு யார் பெயரையாவது சொல்லலாமே என்றேன். யார் பெயரைச் சொல்வாய், யார் பிள்ளையைச் சொல்வாய் என்று கேட்டாள். அவள் வரைந்தது, அவள்தான் கேட்க வேண்டும் என்றாள். என் கணவர் போய் வேனின் பின் இருக்கைகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

கேட்டேன். முதல் போனில் குரல் எனக்கே கேட்கவில்லை. "என் மகளுக்கு நாள் நெருங்கிடுச்சு, தொட்டில் வேணும்." எதிர்ப்பக்கம் நித்யாவுக்கா என்ற கேள்வி வாய்வரை வந்து திரும்பிப் போவது தெரிந்தது. பிறகு, வந்து வாங்கிக்கோங்க என்றார்கள். மறுக்கக்கூடாதே. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அவர்களே சொன்னார்கள். இப்படி ஒரு வீடு அடுத்த வீட்டைக் காட்டியது.

நித்யாவும் அப்பாவும்தான் போய் எடுத்து வருகிறார்கள். சட்டத்தை ஏற்றுகிறவரை அவள் வேனுக்குள் உட்கார்ந்திருப்பாள். ஏற்றிய பிறகு இறங்குவாள். அவர்கள் பார்வை முதலில் அவள் வயிற்றுக்குப் போகும். ஒன்றுமில்லாத அந்த வயிற்றைப் பார்த்துக் குழம்பி நிற்கும்போது உண்மையைச் சொல்லுவாள். உள்ளே பிள்ளை கிடந்த வீடாக இருந்தால் இரும்புச் சட்டம் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு வருவாள். அவள் சம்பளம் அதற்குத்தான் போகிறது. முதலாளி ஒன்றும் கேட்காமல் துண்டு மரம் மட்டும் தருகிறார். அதில் பசையே இல்லாமல், துளைக்குள் கட்டையை நுழைத்து ஆப்பு அடித்து இறுக்குகிற சட்டம் ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதை வரையும் முன்னால் பரமேஸ்வரிக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினாள். எத்தனை பிள்ளை, எத்தனை வீடு, துணி எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள்.

உண்மை தெரிந்தவர்கள் வெளியே சொல்வார்கள், வதந்தி அடங்கிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். நடக்கவில்லை. தொட்டில் விழும் என்ற பேச்சை யாரும் வாயில் எடுக்க விரும்பவில்லை. மூவாரில் கல்யாணமாகாத பெண்ணுக்கு நாள் நெருங்கிவிட்டது என்ற பேச்சை மட்டும் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. கோயிலில் என் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் ஒரு கை இடம் விட்டு உட்காருகிறார்கள். நித்யாவை நேரில் பார்க்கிறவர்கள் வயிறு தெரியாததால் அதைவிட மோசமாக யோசிக்கிறார்கள். வந்த ஒரு சம்பந்தம் நின்றுபோனது. அவள் தோளைக் குலுக்கிக்கொண்டாள். எனக்குத்தான் நெஞ்சு வலித்தது, இன்னமும் வலிக்கிறது. பொய் சொல்ல விரும்பவில்லை.

எங்கள் கார் நிறுத்தும் இடம் முழுக்க இப்போது தொட்டில்கள். மஞ்சள் தலையோடு வரிசையாக நிற்கின்றன. காற்றடித்தால் கொக்கிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். பிள்ளை இல்லாத தொட்டில் ஆடக்கூடாது என்று நான் அவற்றைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக நித்யா துணிகளை அவிழ்த்து, மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாள். சில இன்னும் கெட்டியாக இருக்கின்றன. சில, கை பட்டதும் வந்துவிடுகின்றன. அப்படி ஒன்று வரும்போதெல்லாம் அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். இன்னும் வராதவை இருக்கின்றன. எங்கே என்று தெரியாதவையும் இருக்கின்றன.

நேற்று மத்தியானம் மெர்சிங்கில் தொட்டில் இருக்கிற ஒரு வீடு கிடைத்தது. படகுத்துறைப் பக்கம். கடல் காற்று, உப்பு, ஈரம். அந்தப் பெண்ணிடம் வழக்கம்போல் கேட்டேன். தருகிறேன், ஆனால் பிள்ளை இதில்தான் தூங்குகிறது, அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். நல்ல குரல், சின்னப் பெண். அவள் குரலுக்குப் பின்னால் சுருள் கேட்டது. கீச், கீச் என்று மேலும் கீழும். அவள் பேசிக்கொண்டே ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். உங்கள் மகளுக்கு எந்த மாதம், மாப்பிள்ளை எந்த ஊர்?

அந்த இரண்டாவது கேள்விக்கு நான் இன்னும் பதில் சேர்த்து வைத்திருக்கவில்லை. கீச், கீச். ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவில் நான் காத்திருந்தேன். நித்யா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நான்தான் க்கா பேசறேன். மாப்பிள்ளை யாரும் இல்ல. நாள் நெருங்கிடுச்சு. பிள்ளைய இப்பவே கையில எடுத்துக்குங்க, நாங்க கிளம்பிட்டோம்."

எதிர்ப்பக்கம் சுருள் நின்றது. என் கணவர் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தார். நானும் ஏறிக்கொண்டேன். குளுவாங் தாண்டிய பிறகுதான் கவனித்தேன். என் வலது கை மடியில் மல்லாந்து, விரல் விரித்து, எதையோ தாங்குவதற்கு நீட்டியபடியே கிடந்தது. பக்கத்தில் நித்யாவின் கையும் அப்படியேதான் இருந்தது.